நரம்பு வலையும் அக்காவின் கைகளும்

எங்கள் விலங்கியல் துறையில் இனி குளத்துச் சிற்றுயிரான ஹைட்ராவை உயிரோடு வளர்க்கப் போவதில்லையாம். அதற்குப் பதில் திரையில் படம் ஓடுகிறது. தொட்டால் சுருங்குகிறது, மறுபடி தொட்டால் நீள்கிறது. செலவில்லை, நாற்றமில்லை, சாகவும் சாகாது. இதைச் சொல்லிவிட்டு, இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகள், "நீங்க எப்படி வளத்தீங்கன்னு துறை மலருக்கு எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்கிற தைரியம்தான். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற கட்டுரையாக இது இருக்காது. ஹைட்ரா என்று பேனாவை எடுத்தாலே அக்காவின் கைகள்தான் கண்முன் வந்து நிற்கின்றன.

நான் சிவகாசிக்காரி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். என் அக்கா பாண்டியம்மா பள்ளிக்கூடத்திலிருந்து நின்று முதலில் தீப்பெட்டிக் கம்பெனிக்கும், பிறகு பட்டாசுக் கம்பெனிக்கும் போனதால் நான் படித்தேன். முதுகலை முடித்துவிட்டு மண்டபம் என்கிற ஊரின் பக்கத்துக் கடற்கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் ஜெல்லிமீன்களோடு கிடந்தேன். வலையில் அது வந்தால் மீனவர்கள் 'சனியன் பிடிச்ச சொறி' என்று திட்டிக்கொண்டே அள்ளி எறிவார்கள். நாங்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவோம்.

ஜெல்லிமீனுக்கு மூளை கிடையாது. நரம்புச் செல்கள் உடம்பு முழுக்க வலை பின்னியது போல ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். எந்த இடத்தில் தொட்டாலும் செய்தி எல்லாப் பக்கமும் பரவும். போகிற வழியில் அதை நிறுத்தி, 'இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா' என்று விசாரிக்கத் தலைமை அலுவலகம் ஒன்று அங்கே இல்லை. குடை போன்ற உடம்பின் விளிம்பில் மிளகைவிடச் சிறிய சில உறுப்புகள் உண்டு. குடை சுருங்கி விரிவதற்கான உத்தரவு அவற்றிலிருந்துதான் வருகிறது. எது முதலில் துடிக்கிறதோ, அந்தத் தடவை அது சொன்னபடிதான் மொத்த உடம்பும் நடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று மிச்சம் இருக்கும்வரை குடை துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியையும் எடுத்ததும் நின்றது. செத்துவிட்டது என்று நினைத்து விரலால் தொட்டேன். ஒரே ஒரு தடவை சுருங்கியது.

பிறகு சொந்த ஊரிலேயே கல்லூரியில் வேலை கிடைத்தது. சிவகாசியில் கடலுக்கு எங்கே போவது? ஜெல்லிமீனின் நன்னீர்ச் சொந்தக்காரனான ஹைட்ராவைத்தான் வைத்துக்கொண்டு மாணவிகளுக்கு நரம்பு வலையைக் காட்டினோம். அதற்கும் மூளை இல்லை. தண்டு மாதிரி ஒரு உடம்பு, நுனியில் ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள் மாதிரிச் சில உணர்நீட்சிகள், அவ்வளவுதான்.

மழைக்காலம் முடியும்போது காரியாபட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போவோம். வேலம்பாசியைப் பிடித்து இழுக்காமல் கத்தரியால் வெட்டி, அதே கண்மாய்த் தண்ணீரோடு கண்ணாடி ஜாடியில் போடுவோம். ஜாடியை ஜன்னலோரம் அசைக்காமல் வைத்தால், ஓரிரு நாளில் வெளிச்சம் விழும் பக்கத்துக் கண்ணாடியில் நூல் துணுக்குகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான். குழாய்த் தண்ணீர் ஆகாது, குளோரினில் செத்துவிடும். செம்புப் பாத்திரம் ஆகவே ஆகாது. எங்கள் ஊர் வெயிலோ அதற்கு எமன். மண்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஜாடிகளை இறக்கி, மேலே ஈரச்சாக்குப் போட்டு, சாக்கு காயக் காய நனைக்க வேண்டும். விடுமுறை நாளிலும் யாராவது ஒருத்தி வந்து நனைப்போம். பட்டாசு ஆலைகளுக்குப் பக்கத்துக் கண்மாய்களிலும் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒருதடவைகூட ஹைட்ரா கிடைத்ததில்லை. காரணம் என்ன என்று சோதித்துச் சொல்லும் வசதி எங்களிடம் இல்லை. எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரு திகில் இருந்தது.

துறைத் தலைவி தங்கபுஷ்பம் மேடம், விருதுநகரில் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வளையல்களைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் ஜாடியிடம் வருவார். கண்ணாடிக் கம்பியைக் கையில் எடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். முதலில் ஓர் உணர்நீட்சியின் நுனியை லேசாகத் தொடுவார். அது மட்டும் சுருங்கும். கொஞ்சம் அழுத்தினால் பக்கத்து நீட்சிகளும் சேர்ந்துகொள்ளும். இன்னும் அழுத்தினால் மொத்த உடம்பும் சுருண்டு கடுகு மாதிரி ஆகிவிடும். நான் புதிதில், அது சுருங்கும்போதெல்லாம் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வேன்.

"பதற வேண்டியது அது, செல்வராணி. பாக்க வேண்டியது நீங்க. ரெண்டு பேரும் பதறினா யாரு எழுதுறது?" என்பார்.

"அதுக்கு வலிக்குமா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுருங்குறது தெரியுது. வலிக்குதான்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க."

ஹைட்ராவை நீண்ட நிலையிலேயே பதப்படுத்தி வைக்க வேண்டுமென்றால் முதலில் மரத்துப்போக வைக்க வேண்டும். தண்ணீரின் மேல் மெந்தால் துகளைத் தூவிவிட்டுக் காத்திருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக அது தளர்ந்து, உணர்நீட்சிகளை எல்லாம் விரித்துக்கொண்டு அழகாக நிற்கும். "ஐயோ, எம்புட்டு சந்தோஷமா நீட்டிக்கிட்டு இருக்கு!" என்று மாணவிகள் சொல்வார்கள். மேடம் கம்பியால் தொட்டுக் காட்டுவார். அசையாது. இன்னும் அழுத்துவார். அப்போதும் அசையாது. "சும்மா இருக்குறதால சுகமா இருக்குன்னு எழுதிராதீங்க. தொட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பதப்படுத்தும் திரவத்தை ஊற்றுவார். அந்த இடத்தில் நான் எப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அன்றைக்கு நடந்தது புரியும்.

எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்குப் பயப்படுகிறவர் வெளியூர்க்காரர். கல்யாணம், கோயில், கம்பெனிகளில் சரக்கைச் சோதித்துப் பார்ப்பது என்று தினமும் ஏதாவது ஒன்று வெடிக்கும். தரையும் சேர்ந்து அதிர்ந்தால்தான் எங்களுக்குப் பயம் வரும். அன்று காலை செய்முறை வகுப்பு. தட்டில் ஹைட்ராக்களை விட்டு, நான் உருப்பெருக்கியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் சுருண்டன. யாரும் தொடவில்லை. மேசையில் யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினேன். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

தரை வழியாக வரும் அதிர்வு காற்றில் வரும் சத்தத்தை முந்திவிடும். பாடமாகப் படித்ததுதான். ஆனால் அந்த இடைவெளியில், காரணம் தெரியாமல் சுருண்ட அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் இருக்கிறதே, என் உடம்பு இன்னும் அதை மறக்கவில்லை.

ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி "அம்மா" என்று சொன்னதும் எல்லோரும் அழத் தொடங்கினார்கள். எனக்கோ அக்கா. அவள் மருந்து அறையில் வேலை பார்த்தாள். பட்டாசுக்குள் அடைக்கிற வெடிக்கலவையைத்தான் மருந்து என்போம். அதைச் சலித்துக் கலக்குகிற வேலை. அவள் நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வேலைக்குள் போகும்போதே கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். பெட்டிக்குள் எத்தனையோ போன்கள் சேர்ந்து அலறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

தங்கபுஷ்பம் மேடம் வகுப்பை இன்னொரு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, "வாங்க, கார்ல போவோம்" என்றார். காரில் உட்கார்ந்து சாவியைப் போடப் பார்த்தார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துச் சாவியை நுழைத்தார்.

தெருவெல்லாம் சனம். ஒருவன் "நாரணாபுரம் பக்கம்" என்று கத்தினான். ஆட்டோ, பைக், நடந்து போகிறவர் என்று எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். யார் அவனுக்குச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இன்னொருத்தி, "இல்ல, இங்கன இல்ல, மேக்க" என்றாள். பாதிப் பேர் அப்படியே திரும்பி ஓடினார்கள். மேடம் புகையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். புகை அக்காவின் கம்பெனிப் பக்கம்தான் இருந்தது.

உள்ளே போனபோது, இடிந்த அறைகளைத் தாண்டி முற்றத்தில் காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள். வந்த வேன்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார் கம்பெனியில் வேலையை மேற்பார்க்கிற போர்மேன். எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. அலறித் துடிக்கிறவர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். பார்க்கச் சகிக்காது, அதனால் அப்படித்தான் கை போகும். சும்மா இருக்கிறவர்களை ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"ஏடி ராணி, காலேஜ விட்டுப்போட்டு நீ ஏன் இங்கன வந்த?" என்றாள்.

"அக்கா, ஒனக்கு எங்கேயாச்சும்..."

"எனக்கு ஒண்ணுமில்ல. கதவுக்கிட்ட நின்னேன், தூக்கி வெளிய எறிஞ்சிருச்சு. வலிக்கக்கூட இல்ல. அங்கன துடிக்கிறவளுகளப் பாரு, அவளுகள முதல்ல ஏத்தச் சொல்லு."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தலைக்கு மேல் கையைக் கூப்பினாள். "இருக்கன்குடி மாரியாத்தா காப்பாத்திட்டா டீச்சர். பாண்டியக்கா மேல ஒரு பொட்டுக்கூட சுடல."

அக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை சாம்பல் வெளுப்பாக இருந்தன. அதில் யாருக்கும் அதிசயமில்லை. அலுமினியப் பொடியில் வேலை பார்க்கிற கை தினமும் அந்த நிறத்தில்தான் வீட்டுக்கு வரும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். எனக்கும் முதலில் அது மருந்துதான் என்று பட்டது. கைக்குட்டையை நனைத்து மணிக்கட்டில் மெதுவாக ஒற்றினேன். நிறம் துணியில் வரவில்லை. மறுபடி ஒற்றினேன். அது பொடியின் நிறமில்லை. தோலே அந்த நிறமாகியிருந்தது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி விறைத்துக் கிடந்தது.

அக்கா வேன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் புறங்கையில் விரலை வைத்து அழுத்தினேன்.

"தொட்டா தெரியுதாக்கா?"

"எங்க தொடுற?" என்றாள், இன்னும் வேனைப் பார்த்தபடியே.

மேலோட்டமான தீக்காயம் உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஏனென்றால் தோலில் நரம்பு முனைகள் உயிரோடு இருக்கின்றன. தீ ஆழமாகப் போய்விட்டால் அந்த முனைகளே வெந்துவிடும். செய்தி சொல்ல ஆள் இருக்காது. வலிக்கவில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டு அத்தனை பேரும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த ஒரு வார்த்தையைவிடப் பயங்கரமானது வேறில்லை.

போர்மேனிடம் ஓடினேன். "அக்காவை இப்பவே கொண்டு போகணும்ணே."

"டீச்சர், அவுக நல்லாத்தான உக்காந்திருக்காக. இவுகளப் பாருங்க, எப்படித் துடிக்கிறாக. செத்த பொறுங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் காதில் ஏறவில்லை. எனக்கும் வார்த்தை கோர்வையாக வரவில்லை. அப்போதுதான் தங்கபுஷ்பம் மேடம் கத்தியதைக் கேட்டேன். முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும். "துடிக்கிறவங்களுக்கு நரம்பு இருக்குய்யா! இவங்களுக்கு வெந்துபோச்சு! தூக்குங்க, என் கார்ல ஏத்துங்க!" இரண்டு ஆண்கள் வந்து அக்காவைத் தூக்கினார்கள். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "என்னத்துக்குடீ இந்த ஆர்ப்பாட்டம்" என்று என்னைத் திட்டினாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே டாக்டர், ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காதீர்கள் என்று சலைனை ஏற்றி மதுரைக்கு அனுப்பினார். வழியில் அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள். மண்டையைப் பிளக்கிற வெயிலில், "குளிருதுடீ" என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் அவளுடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன். தட்டும்போதெல்லாம் புருவம் லேசாகச் சுருங்கும். அது சுருங்குகிறவரை உயிர் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருதுநகர் தாண்டி எங்கேயோ ஒரு தடவை அது சுருங்கவில்லை. நான் இன்னும் ஓங்கித் தட்டினேன். சுருங்கியது. அந்தச் சாலையில் இன்றும் பஸ்ஸில் போனால் நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

பிழைத்துக்கொண்டாள். தொடையிலிருந்து தோலெடுத்துக் கைகளில் ஒட்டினார்கள். பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பக்கத்து வீடுதான். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வந்த புதிதில் கொதிக்கிற குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் கருகிய வாடை வந்த பிறகு குனிந்து கையைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம் கேட்டாலே நான் ஓடுவேன்.

உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சைத் திரித்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைச் செய்தோம். முழங்கைப் பக்கம் திரும்பியது. மணிக்கட்டு பாதி திரும்பியது. விரல்கள் மட்டும் அப்படியே கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரலைத் தொட்டதும், "ம், தெரியுது" என்றாள். மோதிர விரல், "தெரியுது." பத்து விரலும் தெரிந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த வாரத்திலேயே போர்மேனும் ஆள் அனுப்பினார். கைக்கு உணர்ச்சி வந்திருந்தால் பழைய அறைக்கே வரட்டும், அவளைப் போல அந்த வேலை தெரிந்தவர் இல்லை என்று. வருகிற திங்கட்கிழமை முதல் வருவதாக அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்குள் ஓய்வு பெற்று விருதுநகரில் இருந்த தங்கபுஷ்பம் மேடத்துக்குப் போன் போட்டுச் சந்தோஷத்தைச் சொன்னேன்.

"தொடாம கேட்டுப் பாத்தீங்களா, செல்வராணி?"

"புரியலை மேடம்."

"நடுவுல ஒரு தடவை தொடாமலே கேட்கணும். எல்லாத்தையும் ஒரே வாரத்துல சரின்னு சொன்னா, எதுக்குச் சரின்னு சொல்றாங்கன்னு பாக்கணும்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கண்ணை மூடிக் கையை நீட்டினாள். நான் பஞ்சை மடியில் வைத்துவிட்டேன். வேண்டாம், கேட்காதே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது.

"இப்போ?" என்றேன்.

"தெரியுது," என்றாள்.

"எந்த விரல்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவிரல்," என்றாள்.

கண்ணைத் திறந்தாள். என் மடியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்து சலிக்கும்போது ஒரு மணல் பருக்கை கிடந்தால் போதும், உரசி வெடித்துவிடும். சல்லடையில் தப்பியதை விரல்தான் கண்டுபிடிக்கும் என்று எனக்குச் சொன்னவளே அவள்தான்.

"ஒன் விரலுக்கு மணல் தெரியாதேக்கா," என்றேன்.

"கண்ணு இருக்குல்ல."

"கண்ணு போதும்னா மத்தவளுக எதுக்கு விரல் வச்சுப் பாக்குறாளுக?"

"நீ ஒருத்திடீ!" என்று அதட்டினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் போகலைன்னா அந்தக் காளீஸ்வரியத்தான் அங்கன உக்கார வைப்பாக. போன மாசம் கல்யாணமாகி வந்த புள்ள. மருந்தத் தொட்டதே கெடையாது. எனக்காச்சும் எங்க பயப்படணும்னு தெரியும். அதுக்கு அதுகூடத் தெரியாதுடீ. யாருகிட்டயும் சொல்லிராத ராணி."

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உணர்ச்சியில்லாத அந்தப் பத்து விரல்களும் மருந்துக்குள் அளைவதை நினைத்தால் அவளை அனுப்ப மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை தெருமுனையில் வேன் வந்து நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்த பிறகு நான் வேனோடு வந்திருந்த போர்மேனிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அக்கா கைக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுண்ணே. நேத்து சோதிச்சுப் பாத்தேன்." அவர் அக்காவைப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை. இறங்கினாள். என்னைத் தாண்டி நடந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

போர்மேன் வேனுக்குள் திரும்பி, "ஏம்மா காளீஸ்வரி, நீ இன்னைக்கு மருந்து ரூமுக்குப் போ" என்றார். ஜன்னலோரம் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், சரி என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. வேன் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்க ஆரம்பித்தும் பல நாளாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடமாடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். காளீஸ்வரிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இன்னும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறாள். எங்கேயாவது வெடித்துத் தரை அதிர்ந்தால், நானும் அக்காவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுவோம். அப்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்த்து, "நம்ம கம்பெனிப் பக்கமாடீ?" என்று கேட்பாள். நான் யார் யாருக்கோ போன் அடித்து, இல்லை என்று சொல்கிறவரை அவள் வாசலை விட்டு நகர மாட்டாள்.